கழற்றும் காலம் வரை: ஆண்ட்ராய்டு துணை நூலகங்களை எடைபோட்ட வரலாறு

கைப்பேசிச் செயலியை உருவாக்குவோர் அதன் நிரல் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. இயங்குதளத்தை வழங்கும் நிறுவனம் தரும் அடிப்படைக் கருவிகளுக்கும் செயலிக்கே உரிய நிரலுக்கும் இடையில், பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்தொகுதிகள் பல இடம்பெறுகின்றன. அடிக்கடி தேவைப்படும் ஒரு வேலையை ஒருமுறை செம்மையாக எழுதி, வேண்டுவோர் எடுத்துத் தம் செயலியில் இணைத்துக்கொள்ளும்படி பொதியாக்கி வைத்த தொகுதியே நிரல் நூலகம் எனப்படும். பணியிடப் பேச்சில் அது 'லைப்ரரி' என்றே வழங்குகிறது. அவற்றுள்ளும், செயலிக்குப் புதிய திறன் எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே செய்யக்கூடிய வேலையைக் குறைந்த வரிகளிலும் குறைந்த பிழைகளோடும் செய்ய உதவுபவற்றைத் துணை நூலகங்கள் என்று தனியே பிரித்துக் கூறலாம்.

ஆண்ட்ராய்டு இயங்குதளம் வெளிவந்த 2008-ஆம் ஆண்டு முதல், அதன் திரைகளை அமைக்கும் முறையே அடியோடு மாறிய 2021-ஆம் ஆண்டு வரையிலான காலம் இத்தகைய நூலகங்கள் தோன்றி, பரவி, பெரும்பாலும் மறைந்தும் போன காலமாகும். ஒரு நூலகத்தை ஏற்பதா மறுப்பதா என்று நிரலாளர்கள் முடிவு செய்த முறையும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் படிப்படியாக மாறியது. எத்தனை வரிகள் மிச்சமாகும் என்ற ஒரே கேள்வியோடு தொடங்கிய தராசில், ஒவ்வொரு இடர்ப்பாட்டுக்குப் பின்னும் ஒரு புதிய எடைக்கல் சேர்ந்தது. இறுதியில் சேர்ந்ததும் மற்றவற்றை விடக் கனமானதுமான கல், நூலகத்தைக் கழற்றி எடுக்க நேரும் நாளில் ஆகும் செலவு என்பதாக இருந்தது.

வெற்றிடங்களின் காலம்

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 2003-இல் தொடங்கப்பட்ட ஆண்ட்ராய்டு நிறுவனம் 2005-இல் கூகுளின் வசமானது. 2007 நவம்பரில் நிரலாக்கக் கருவித்தொகுப்பின் முன்னோட்டம் வெளியிடப்பட்டது. 2008 செப்டம்பரில் இயங்குதளத்தின் முதற்பதிப்பும், அடுத்த மாதம் ஹெச்டிசி தயாரித்த டி-மொபைல் ஜி1 என்ற முதல் கைப்பேசியும் வந்தன. அக்கைப்பேசியின் நினைவகம் 192 மெகாபைட். அதில் தனிச் செயலி ஒன்று தன் தரவுகளை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அளவோ 16 மெகாபைட் மட்டுமே. செயலிகள் ஜாவா மொழியில் எழுதப்பட்டாலும், அவற்றை இயக்கியது டேன் போர்ன்ஸ்டீன் வடிவமைத்து ஐஸ்லாந்தின் மீனவ ஊர் ஒன்றின் பெயரைச் சூட்டிய டால்விக் என்ற மெய்நிகர் பொறியாகும். இயங்கிக்கொண்டிருக்கும்போதே நிரலைக் கருவியின் நேரடி மொழிக்கு மாற்றி வேகமூட்டும் வசதி அதற்கு 2010-இல், 2.2-ஆம் பதிப்பில்தான் வாய்த்தது.

இந்த இயங்குதளம் நிரலாளரிடம் விட்டுவைத்த வேலைகள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது திரை தொடர்பானது. செயலியின் திரையில் தோன்றும் பொத்தான், எழுத்துப்பெட்டி முதலிய உறுப்புகள் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழிக் கோப்பில் தனியே விவரிக்கப்பட்டன. ஜாவா நிரல் அவற்றைத் தொட வேண்டுமானால், 'ஃபைண்ட் வியூ பை ஐடி' என்ற கட்டளையால் ஒவ்வோர் உறுப்பையும் அதன் அடையாள எண் கொண்டு தேடி, கிடைத்ததை உரிய வகைக்கு மாற்றிப் பெயரிட்டுக்கொள்ள வேண்டும். இருபது உறுப்புகள் உள்ள திரைக்கு, ஏறக்குறைய ஒரே மாதிரியான இருபது வரிகள் தேவைப்பட்டன. அன்றைய ஜாவாவில், ஒரு சிறு செயலைப் பெயரில்லாமல் சுருக்கமாக எழுதிக் கையளிக்கும் லாம்டா என்ற வசதி இல்லாததால், பொத்தானை அழுத்தும்போது நடக்க வேண்டிய ஒற்றைவரி வேலைக்குக்கூட ஐந்தாறு வரிகளில் ஒரு தனி வகுப்பையே எழுத வேண்டியிருந்தது.

இரண்டாவது வகை காலம் தொடர்பானது. செயலியின் திரையை வரைவதும் விரல் தொடுகைக்குப் பதிலளிப்பதும் முதன்மை இழை எனப்படும் ஒரே வேலைச் சரத்தில் நடைபெறுகின்றன. அந்த இழை ஐந்து வினாடிகள் மறுமொழியின்றி நின்றுவிட்டால், செயலி பதிலளிக்கவில்லை என்ற எச்சரிக்கையை இயங்குதளமே பயனரிடம் காட்டிவிடும். ஆகவே வலையமைப்பிலிருந்து தரவு பெறுதல் போன்ற நீண்ட வேலைகளை வேறோர் இழைக்கு அனுப்பி, விடையை மட்டும் முதன்மை இழைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கென 2009-இல், 1.5-ஆம் பதிப்பில் 'ஏசிங்க் டாஸ்க்' என்ற வகுப்பை கூகுள் அளித்தது. ஆனால் முதலில் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த அவ்வகுப்பு, 1.6-ஆம் பதிப்பில் பலவற்றை ஒரே நேரத்தில் செய்யும்படி மாற்றப்பட்டு, 3.0-ஆம் பதிப்பில் மீண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பழைய நிலைக்கே திரும்பியது. மேலும், பயனர் கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தாலே இயங்குதளம் அத்திரையை அழித்துப் புதிதாகப் படைத்தது. அழிந்த திரைக்கு விடை கொண்டுவரும் பழைய வேலை, அத்திரையை நினைவகத்திலிருந்து நீங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வகை படங்கள் தொடர்பானது; இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஜி1 கைப்பேசியின் ஒளிப்படக் கருவி எடுக்கும் படம் அகலவாக்கில் 2,048, உயரவாக்கில் 1,536 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க நான்கு பைட் வீதம், அப்படத்தைச் சுருக்காமல் நினைவகத்தில் விரித்து வைக்க 1,25,82,912 பைட், அதாவது சரியாக 12 மெகாபைட் வேண்டும். செயலிக்குக் கிடைத்த 16 மெகாபைட்டில் முக்கால் பங்கை ஒரே படம் விழுங்கிவிட, இரண்டாவது படத்தைத் திறந்த நொடியில் செயலி நின்றுபோனது. நீண்ட பட்டியல்களை உருட்டும்போது, கண்ணுக்கு மறைந்த வரிசையையே கீழே புதிய வரிசையாக இயங்குதளம் மறுபடி பயன்படுத்தியதால், தாமதமாக வந்துசேரும் படம் தவறான வரிசையில் போய் ஒட்டிக்கொள்வதும் அன்றாடப் பிழையாக இருந்தது.

இம்மூன்று வெற்றிடங்களையும் நிரப்பவே முதல் தலைமுறை நூலகங்கள் எழுந்தன. ஆண்ட்ராய்டு வெளிவந்த அதே 2008-இல், நிரல்களைப் பொதுவில் வைத்துப் பலர் சேர்ந்து திருத்துவதற்கான கிட்ஹப் தளமும் திறக்கப்பட்டது இவ்வளர்ச்சிக்கு வாய்ப்பாக அமைந்தது. இயங்குதளத்தின் பெரும்பகுதி வெளியிடப்பட்ட அப்பாச்சி உரிமத்தையே நூலகங்களும் பெரும்பாலும் ஏற்றதால், அவற்றை வணிகச் செயலிகளில் சேர்ப்பதற்குச் சட்டத் தடையும் எழவில்லை.

நேரம் என்னும் முதல் எடைக்கல்

நிரலின் ஒரு பகுதி தனக்கு வேண்டிய மற்றொரு பகுதியைத் தானே படைத்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் அமைப்பைச் சார்பு உட்செலுத்தல் என்பர். ஜாவா உலகில் இம்முறையைப் பரப்பியவற்றுள் ஒன்று, கூகுளில் பாப் லீ முன்னின்று உருவாக்கி 2007-இல் வெளியான கைஸ் என்ற நூலகம். அதை அடித்தளமாகக் கொண்டு மைக் பர்ட்டன் ஆண்ட்ராய்டுக்கென உருவாக்கிய ரோபோகைஸ், திரை உறுப்புக்கு மேலே ஒரு சிறுகுறிப்பை எழுதிவிட்டாலே அந்த உறுப்பைத் தேடிக் கொண்டுவந்து தரும் வேலையைத் தானே செய்தது. சிறுகுறிப்பு என்பது, நிரலின் ஓர் உறுப்பைப் பற்றி மற்றொரு கருவிக்குச் செய்தி சொல்லும் அடையாளச் சொல்லாகும். இருபது வரித் தேடல் இருபது குறிப்புகளாகச் சுருங்கியதைக் கண்ட நிரலாளர்கள் அதை விருப்பத்தோடு வரவேற்றனர்.

விலை பின்னர்தான் தெரிந்தது. ரோபோகைஸ் இச்சிறுகுறிப்புகளைச் செயலி இயங்கும் நேரத்தில் படித்தது. நிரல் தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்கும் இச்செயல், வலிமை மிக்க சேவையகக் கணினியில் பொருட்படுத்தத் தகாத அளவு நேரமே எடுத்தாலும், அன்றைய கைப்பேசியில் செயலி திறக்கும் தருணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி தாமதப்படுத்தியது. சேவையகத்துக்கு ஏற்ற நூலகம் கைப்பேசிக்கும் ஏற்கும் என்ற எண்ணம் இங்கே முதலில் உடைந்தது.

இதற்கு மாற்றாக வந்தது, பிரான்ஸைச் சேர்ந்த பியேர்-ஈவ் ரிக்கோ தொடங்கிய ஆண்ட்ராய்டு அனொடேஷன்ஸ். அதுவும் சிறுகுறிப்புகளைக் கொண்டே இயங்கியது என்றாலும், அவற்றைப் படிக்கும் வேலையைச் செயலி இயங்கும் நேரத்திலிருந்து தொகுக்கும் நேரத்துக்கு, அதாவது நிரலாளரின் கணினியில் செயலி கட்டப்படும் கட்டத்துக்கு மாற்றியது. நிரலாளர் எழுதிய ஒவ்வொரு திரை வகுப்பிலிருந்தும், பெயரின் இறுதியில் அடிக்கோடு சேர்ந்த ஒரு துணை வகுப்பை அது தானாக எழுதித் தந்தது; தேடும் வரிகள், இழை மாற்றும் வரிகள் எல்லாம் அதற்குள் சாதாரண ஜாவாவாகவே இருந்தமையால், பயனரின் கைப்பேசியில் கூடுதல் தாமதம் ஏற்படவில்லை. ஆனால் செயலியின் மற்ற பகுதிகள் அனைத்தும் மூல வகுப்பை விட்டு அந்த அடிக்கோட்டு வகுப்பையே பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்ததால், நூலகத்தின் தடம் செயலியின் மூலை முடுக்கெல்லாம் பதிந்தது. நேரச் செலவைத் தீர்த்த இந்த நூலகமே, கழற்றும் செலவு என்ற மற்றொன்றைப் பிற்காலத்துக்கு விட்டுச் சென்றது.

தொகுக்கும் நேரத்திலேயே நிரல் எழுதும் இவ்வழியே பின்னர் நிலைபெற்றது. ஸ்கொயர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட டாகர் ஓரளவுக்கு இம்முறையைக் கையாண்டது. கூகுள் பொறுப்பேற்று 2015-இல் வெளியிட்ட அதன் இரண்டாம் பதிப்பு, இயங்கும் நேர ஆராய்ச்சியை முற்றிலும் கைவிட்டது. கட்டாரியைக் குறிக்கும் அப்பெயர், உறுப்புகளின் சார்புகளைச் சுழலாத திசைக்கோட்டு வரைபடமாகக் காணும் கணிதக் கருத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையும் உள்ளடக்கியது. திரை உறுப்புகளைத் தேடித் தரும் ஒரே வேலைக்கென ஜேக் வார்ட்டன் 2013-இல் வெளியிட்ட சிறு நூலகம், கட்டாரியோடு ஒப்பிடத் தக்க மழுங்கிய கருவி என்ற நகைச்சுவையோடு பட்டர் நைஃப், அதாவது வெண்ணெய்க் கத்தி எனப் பெயர் பெற்றது.

அகற்றுவதற்கென்றே எழுதப்பட்ட நூலகம்

2011 பிப்ரவரியில் பலகைக் கணினிகளுக்கென வந்த 3.0-ஆம் பதிப்பு, திரையின் மேற்பகுதியில் செயலியின் பெயரையும் முதன்மைக் கட்டளைகளையும் தாங்கும் 'ஆக்‌ஷன் பார்' என்ற பட்டையை அறிமுகப்படுத்தியது. பழைய கைப்பேசிகளைத் தயாரிப்பாளர்களும் தொலைபேசி நிறுவனங்களும் புதுப்பிக்காமல் விட்டதால், பெரும்பாலான பயனர்களிடம் இப்பட்டை இல்லாத பதிப்புகளே இருந்தன. பழைய பதிப்புகளுக்குப் புதிய வசதிகள் சிலவற்றைக் கொண்டுசெல்லும் இசைவுத் தொகுப்பு ஒன்றை கூகுள் அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டபோதிலும், அதில் இப்பட்டை இடம்பெறவில்லை.

அவ்விடைவெளியை நிரப்பியது வார்ட்டன் எழுதிய ஆக்‌ஷன் பார் ஷெர்லாக். இந்நூலகத்தின் சிறப்பு அதன் திறமையைக் காட்டிலும் அதன் அடக்கத்தில் உள்ளது. தனக்கெனப் புதிய கட்டளைச் சொற்களை உருவாக்கிக்கொள்ளாமல், கூகுள் புதிய பதிப்பில் வைத்த அதே பெயர்களையும் அதே ஒழுங்கையும் அது பின்பற்றியது. புதிய கைப்பேசியில் இயங்குதளத்தின் பட்டையையே காட்டி, பழைய கைப்பேசியில் மட்டும் தான் வரைந்த பட்டையைக் காட்டியது. இயங்குதளம் என்றேனும் இவ்வசதியைப் பழைய பதிப்புகளுக்கும் தரும்; அன்று இந்நூலகம் தேவையற்றதாகும் என்ற எதிர்பார்ப்பு அவ்வமைப்பிலேயே பொதிந்திருந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2013-இன் நடுவில் கூகுள் தன் இசைவுத் தொகுப்பில் இப்பட்டையைச் சேர்த்தபோது, ஷெர்லாக் ஓய்வு பெற்றது. அதைப் பயன்படுத்திய செயலிகள், பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், பேரிழப்பின்றி இடம்பெயர்ந்தன. கட்டடம் எழும்பியதும் சாரம் பிரிக்கப்படுவது போல் பிரிக்கத் தக்கதாகவே ஒரு நூலகத்தை எழுத முடியும் என்பதற்கு இது முதற்சான்றாயிற்று.

2013: மிகுதியின் தொடக்கம்

ஜாக் டோர்சியும் ஜிம் மெக்கெல்வியும் 2009-இல் தொடங்கிய ஸ்கொயர், கைப்பேசியில் செருகும் சிறு கருவியைக் கொண்டு கடன் அட்டைகளை ஏற்க உதவிய நிறுவனமாகும். பணம் கையாளும் செயலி தடுமாறக் கூடாது என்பதால் தனக்கென எழுதிக்கொண்ட கருவிகளை அது திறமூலமாகப் பொதுவில் வைத்தது. அவற்றுள் ஓகேஹெச்டிடிபி, சேவையகத்தோடு தொடர்புகொள்ளும் அடிமட்ட வேலையைச் செய்தது. ரெட்ரோஃபிட், சேவையகத்திடம் கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு ஜாவா இடைமுகமாக, அதாவது செயல்களின் பெயர்ப்பட்டியலாக எழுதிவிட்டால், கேட்பதற்கான நிரலைத் தானே அமைத்துக்கொண்டது. பிகாசோ, படத்தின் முகவரியையும் அது தோன்ற வேண்டிய இடத்தையும் ஒரே வரியில் பெற்று, படத்தைத் தருவித்தல், சுருக்குதல், சேமித்தல், வரிசை மாறாமல் ஒட்டுதல் ஆகிய நான்கையும் முடித்துத் தந்தது. இம்மூன்றும் 2013-இல் முதற்பதிப்பாக நிலைபெற்றன. அதே ஆண்டின் கூகுள் ஐ/ஓ மாநாட்டில், வலைத் தொடர்புக்கும் படங்களுக்குமான வாலி என்ற தன் நூலகத்தை கூகுளும் அறிமுகப்படுத்தியது.

படங்களுக்கான நூலகங்கள் பெருகியபோது, எடைபோடுதல் ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. செர்கே தாரசேவிச் எழுதிய யுனிவர்சல் இமேஜ் லோடர் 2011 முதல் புழக்கத்தில் இருந்தது. கூகுள் வாங்கிய பம்ப் நிறுவனத்திலிருந்து கிளைடு வந்தது. 2015 மார்ச்சில் ஃபேஸ்புக் வெளியிட்ட ஃப்ரெஸ்கோ, பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் படங்களைச் செயலியின் குறுகிய ஒதுக்கீட்டுக்கு வெளியே தனி நினைவகப் பகுதியில் வைத்தது. பிகாசோ ஒரு புள்ளிக்கு நான்கு பைட் செலவிட்டு நிறத் தெளிவைக் காத்தது என்றால், கிளைடின் தொடக்கப் பதிப்புகள் இரண்டு பைட் மட்டுமே செலவிட்டு நினைவகத்தைக் காத்தன. பிகாசோ வந்த படத்தை முழு அளவிலேயே சேமித்துவைக்க, கிளைடு திரையில் தோன்றும் அளவுக்குச் சுருக்கியதைச் சேமித்தது. ஒப்பீட்டில் வெற்றி தோல்வி நூலகத்தைப் பொறுத்திராமல், பயனரின் கையில் உள்ள கருவியைப் பொறுத்தே அமையும் என்ற தெளிவு இவ்வாறு பிறந்தது.

2013-இன் மற்றொரு மாற்றம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை என்றாலும் விளைவில் பெரியது. அதுவரை எக்லிப்ஸ் என்ற மென்பொருளில் செயலிகளை எழுதியோர், நூலகத்தின் கோப்பைத் தேடி இறக்கி, உரிய கோப்புறையில் தம் கையால் வைத்தனர். 2013 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் அதனோடு வந்த கிரேடில் என்ற கட்டமைப்புக் கருவியும், நூலகத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு வரியில் எழுதினாலே வலையிலுள்ள பொதுக் கிடங்கிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்தன. அந்நூலகம் சார்ந்திருக்கும் பிற நூலகங்களும் கேளாமலேயே உடன் வந்தன. சேர்ப்பதற்கான உழைப்பு ஒரு வரியாகக் குறைந்ததும், சேர்க்கலாமா என்று யோசிப்பதற்கான தருணமும் குறைந்துபோயிற்று.

65,536 என்னும் எல்லை

இம்மிகுதி ஓர் எண்ணில் போய் முட்டியது. ஆண்ட்ராய்டுச் செயலியின் தொகுக்கப்பட்ட நிரல் அடங்கிய டெக்ஸ் கோப்பு, தான் அழைக்கும் ஒவ்வொரு செயற்கூற்றையும் 16 இருமஇலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணால் குறித்தது. அத்தகைய எண்ணால் 65,536 வரை மட்டுமே குறிக்க இயலும்; நிரலாளர் எழுதியவையும் நூலகங்கள் கொண்டுவந்தவையும் சேர்ந்து அதைத் தாண்டினால், செயலியைத் தொகுக்கவே முடியாது. ஃபேஸ்புக் போன்ற பெருஞ்செயலிகள் டால்விக்கின் இத்தகைய வரம்புகளோடு மோதியது 2013-இலேயே பொதுவில் தெரியவந்தது. 2014-இல் கூகுளின் பிளே சர்வீசஸ் நூலகமே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கூறுகளைக் கொண்டிருந்தது. வரைபடம் ஒன்றைக் காட்ட மட்டும் அதைச் சேர்த்த செயலியும், எல்லையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அதற்கே ஈந்துவிட்டது.

தீர்வுகள் 2014-இன் இறுதியில் ஒருங்கே வந்தன. பிளே சர்வீசஸ் தன் 6.5-ஆம் பதிப்பில் வரைபடம், இருப்பிடம், விளம்பரம் எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரே செயலிக்குள் பல டெக்ஸ் கோப்புகளை வைக்கும் மல்டிடெக்ஸ் வழியும் ஆண்ட்ராய்டு 5.0-ஐ ஒட்டி அதிகாரபூர்வமானது. புரோகார்டு என்ற கருவியைக் கொண்டு, எவரும் அழைக்காத செயற்கூறுகளை வெட்டி நீக்கும் பழக்கமும் பரவியது. எனினும் மல்டிடெக்ஸ் பழைய கருவிகளில் செயலி திறப்பதைத் தாமதப்படுத்தியதால், நூலகம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போதே அதன் செயற்கூறுகளின் எண்ணிக்கையையும் குறிப்பிடும் வழக்கம் நிலைத்தது. இவ்வாறு பருமன் இரண்டாவது எடைக்கல்லாயிற்று. ஒற்றை வேலையைச் செய்யும் சிறு நூலகங்கள், எல்லாம் செய்யும் பெருநூலகங்களை விட மதிப்புப் பெற்றதற்கு இவ்வெல்லையும் ஒரு காரணமாகும்.

பிறர் கையில் உள்ள சாவி

மூன்றாவது எடைக்கல் நம்பகம். இதன் தெளிவான பாடங்கள் சில அண்டை நாடான ஐஃபோன் உலகிலிருந்து கிடைத்தன. அங்கு வலைத் தொடர்புக்கென 2011 முதல் பரவலாகப் பயன்பட்ட ஏஎஃப்நெட்வொர்க்கிங் நூலகத்தின் 2.5.1-ஆம் பதிப்பு, 2015-இன் தொடக்கத்தில் ஒரு பிழையோடு வெளியானது. மறைகுறியாக்கப்பட்ட தொடர்பில் எதிர்முனையில் இருப்பது உண்மையான சேவையகம்தானா என்று சான்றிதழைச் சோதிக்கும் படிநிலை அதில் விடுபட்டுப்போக, இடையில் புகும் எவரும் அத்தொடர்பை ஒட்டுக்கேட்க வாய்ப்பு உண்டாயிற்று. அடுத்த பதிப்பு அப்பிழையைத் திருத்திய பின்னும், பழைய பதிப்பையே தாங்கிய சுமார் 1,500 செயலிகள் கடையில் இருந்ததாக ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நூலகத்தைத் திருத்துவது அதை எழுதியவரின் கடமை எனினும், திருத்தத்தைப் பயனரிடம் கொண்டுசேர்ப்பது சேர்த்துக்கொண்டவரின் கடமை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2020 மே 6 அன்று நடந்தது இதனினும் வேறுபட்டது. ஃபேஸ்புக் கணக்கின் வழியாக உள்நுழைய உதவும் அந்நிறுவனத்தின் கருவித்தொகுப்பைத் தாங்கிய ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட், டிக்டாக் உள்ளிட்ட ஐஃபோன் செயலிகள், திறந்தவுடன் மூடிக்கொண்டன. அச்செயலிகளில் அன்று எவரும் எதையும் மாற்றவில்லை. ஃபேஸ்புக் தன் சேவையகத்தில் செய்த மாற்றத்தால் அத்தொகுப்புக்கு எதிர்பாராத வடிவில் தரவு வந்ததே காரணமாகும். அதே ஆண்டு ஜூலை 10 அன்று இது மீண்டும் நிகழ்ந்தது. செயலிக்குள் உறையும் நூலகம் வெளியிலுள்ள சேவையகத்தைக் கேட்டு நடக்குமானால், செயலியின் சாவிகளில் ஒன்று பிறர் கையில் இருக்கிறது என்று பொருள்.

அச்சாவி ஒரேயடியாகத் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. தரவைச் சேமிக்கும் பின்புலச் சேவையையும் அதை அணுகும் நூலகத்தையும் சேர்த்து வழங்கிய பார்ஸ் நிறுவனம் 2011-இல் தோன்றி, 2013-இல் ஃபேஸ்புக்கால் வாங்கப்பட்டு, 2016 ஜனவரி 28 அன்று ஓராண்டுக்குள் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சேவையக நிரல் திறமூலமாக வெளியிடப்பட்டதால் பல செயலிகள் பிழைத்தன. நூலகங்களைக் காக்கும் கிடங்குகளுக்கும் இதே நிலைதான்: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பல ஆண்டுகள் இயல்பான கிடங்காகக் கொண்டிருந்த ஜேசென்டரை மூடப்போவதாக, அதை நடத்திய ஜேஃபிராக் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. பின்னர் அது புதிய பதிப்புகளை ஏற்காமல் படிப்பதற்கு மட்டும் திறந்து வைக்கப்பட்டாலும், பராமரிப்பார் இன்றி அங்கேயே தங்கிவிட்ட நூலகங்கள் எத்தனை செயலிகளைத் தாங்கி நின்றன என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இயங்குதளம் விழுங்கியவை

2017 முதல் இவ்வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. அவ்வாண்டின் மே மாதத்தில், ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் உருவாக்கிய கோட்லின் மொழியை ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக கூகுள் ஏற்றது. லாம்டா அம்மொழியில் இயல்பாகவே அமைந்திருந்தது. இழைகளுக்கிடையே வேலையைக் கைமாற்றுவதை நேர்கோட்டு நிரலைப் போல எழுத உதவும் கோரூட்டின் வசதி 2018-இல் நிலைபெற்றது. அதே 2017-இல் வந்த கட்டமைப்புக் கூறுகள், திரை சாய்ந்தாலும் தரவை இழக்காத 'வியூ மாடல்', தரவுத்தளத்தை எளிதாக்கும் 'ரூம்' முதலியவற்றைத் தந்தன. 2018-இல் இவை ஜெட்பேக் என்ற குடையின்கீழ் வந்தன. திரை உறுப்புகளைத் தேடித் தரும் 'வியூ பைண்டிங்' 2020 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலேயே இடம்பெற்றது. 2021 ஜூலையில் முதற்பதிப்பாக வந்த கம்போஸ், எக்ஸ்எம்எல் கோப்பையே விலக்கித் திரையை நிரலாகவே எழுதச் செய்ததால், உறுப்பைத் தேட வேண்டிய தேவையே இல்லாமற்போனது.

இயங்குதள நிறுவனமே தருவது நிலைத்திருக்கும் என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடக் கூடாது. முதற்பதிப்பு முதல் உடன்வந்த அப்பாச்சியின் வலைத் தொடர்பு நூலகம் 2015-இல் 6.0-ஆம் பதிப்பின் கருவித்தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஏசிங்க் டாஸ்க் 2020-இல் 11-ஆம் பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோட்லினோடு வந்த திரை உறுப்பு இணைப்பு வசதியும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. இதற்கு எதிர்மாறாக, வெளியார் எழுதிய ஓகேஹெச்டிடிபி 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-இன் உள்ளுறுப்பாகவே ஆகி, நிரலாளர் அறியாமலே அவர்களின் வலைத் தொடர்புகளைச் சுமந்தது. பிறப்பிடத்தை வைத்து ஆயுளைக் கணிக்க இயலாது என்பதே இவ்விரு வரிசைகளும் சேர்ந்து தரும் செய்தி.

ஆயுளைக் கணிக்க இயலாதபோது, எடைபோட எஞ்சி நிற்பது கழற்றும் செலவுதான். ஷெர்லாக் இயங்குதளத்தின் சொற்களையே பேசியதால் எளிதாகக் கழன்றது. படங்களுக்கான நூலகம், செயலியின் ஒரே இடத்திலிருந்து அழைக்கப்படுமாறு ஓர் உறைக்குள் வைக்கப்பட்டிருந்தால், பிகாசோவிலிருந்து கிளைடுக்கு மாறுவது ஒருநாள் வேலையாகவே முடிந்தது. செயலியின் பகுதிகள் ஒன்றையொன்று அறியாமல் செய்தி அனுப்பிக்கொள்ள உதவிய ஓட்டோ போன்ற நிகழ்வுத் தடங்களோ, தொடங்குவதற்கு மிக எளிதாக இருந்தும், யார் அனுப்பியது எங்குப் போய்ச் சேருகிறது என்று பின்தொடர முடியாதபடி நிரல் முழுவதும் வேரோடின. அதை வெளியிட்ட ஸ்கொயர் நிறுவனமே பின்னர் அதைக் கைவிட்டு, ஆர்எக்ஸ்ஜாவா என்ற மற்றொரு நூலகத்தின் வழியைப் பரிந்துரைத்தது. நுழைவின் எளிமையும் வெளியேற்றத்தின் எளிமையும் ஒன்றல்ல என்பதை இந்நூலகங்களின் வரலாறு முழுவதும் காட்டுகிறது. அவற்றை எளிமையாக்கிகள் என்று போற்றிய எழுத்துகள் பலவும் முதலாவதை மட்டுமே அளந்தன.

துணை நூலகங்கள் தோல்வியுற்று மறைந்தன என்றும் கொள்ள வேண்டியதில்லை. சிறுகுறிப்பு நூலகங்கள் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டிய குறையே வியூ பைண்டிங்காகவும், ஷெர்லாக் காட்டிய தேவையே கூகுளின் இசைவுத் தொகுப்பாகவும் தீர்வு பெற்றன. ஆண்ட்ராய்டு அனொடேஷன்ஸைத் தொடங்கிய ரிக்கோவே பின்னர் ஸ்கொயரிலிருந்து, அழிந்த திரைகள் நினைவகத்தில் தங்கிவிடுவதைக் கண்டறியும் லீக் கேனரியை 2015-இல் வெளியிட்டார். பட்டர் நைஃப்பை எழுதிய வார்ட்டன், ஏழாண்டுகள் எண்ணற்ற செயலிகளில் உழைத்த அந்நூலகத்தை 2020-இல் தாமே வழக்கொழிந்ததாக அறிவித்து, அதைப் பயன்படுத்துவோர் அனைவரையும் வியூ பைண்டிங்குக்கு மாறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்.